நூறு மதிப்பெண் வாங்கிய பெட்டி

கடலில் உள்ள படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசும் நம் கரை வானொலி நிலையத்தின் தலைவர் பான் சங்தே அவர்களே! வெள்ளைச் சாமந்திக்கு நடுவே படமாக உட்கார்ந்திருக்கும் பொறியாளர் பியோ இன்சோலின் துணைவியார், எனக்குத் தங்கச்சி முறையாகும் நாம்குங் சோன்யங் அவர்களே! ஏலம் முடிந்த கையோடு ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கும் படகுக்காரர்களே, வலைக்காரர்களே, ஐஸ் உடைக்கும் தம்பிமாரே! நண்டு அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

மைக் வேண்டாம் என்று சொன்னேன். கடலோசையை அடக்கி ஏலம் விடுகிற தொண்டை இது. கேட்கவில்லை, கையில் கொடுத்துவிட்டார்கள். காது வலித்தால் கொடுத்தவரைத் திட்டுங்கள்.

என் பெயர் மா தல்சு. சோல்பாவித் துறையின் ஏலக்காரன். பள்ளிக்கூடத்துக்குள் வாசல் வழியாகப் போனதைவிடச் சுவரேறி வெளியே குதித்ததுதான் அதிகம். அப்படிப்பட்டவனை ஒரு பொறியாளருக்கு இரங்கல் பேச ஏன் கூப்பிட்டார்கள்? சோன்யங்தான் சொன்னாள். "நீங்க பேசுங்கண்ணே. ஆபீஸ்காரங்க பேசினா அவர் படத்துலயே தூங்கிடுவார்" என்றாள். பெண்டாட்டிக்குத் தெரியாதா புருஷன் எங்கே தூங்குவான் என்று?

அவன் போய் இன்று நாற்பத்தொன்பதாம் நாள். இதுவரை வாசலில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இன்றைக்குக் கிளம்புகிறான். நிம்மதியாகவா கிளம்புவான்? அவனாவது, நிம்மதியாவது!

பியோ இன்சோல் யார்? கவலைப்படுவதற்கென்றே பிறந்த மனிதன்! பாங்யோவில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் பார்க்கும் வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டு நம் நிலையத்துக்கு வந்தான். வந்த இடத்தில் சோன்யங்கைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் இதே மண்டபத்தில்தான். போட்டோ எடுக்கிறவன் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்துகிறான். மாப்பிள்ளை கேமராவைப் பார்த்தானா? பெண்ணைப் பார்த்தானா? ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான். "அண்ணே, காத்து கிழக்க திரும்புது. எல்லாப் படகும் உள்ள வந்தாச்சா?" என்று என் காதைக் கடித்தான். "டேய், உன் படகு இப்பத்தான்டா கரையைவிட்டுக் கெளம்புது, அதைக் கவனி" என்றேன். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கவாட்டு முகம்தான். என்ன தங்கச்சி, சிரிக்கிறாயா? சிரி. அவனுக்காகத்தானே கூடியிருக்கிறோம்.

நாமெல்லாம் அவனுக்குக் 'கவலைப் பொட்டலம்' என்று பெயர் வைத்தோம். ஆனால் கடலுக்குள் இருக்கும்போது வயர்லெஸ்ஸில் யார் குரல் கேட்டால் உங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது? சொல்லுங்கள்! நிலையத்துத் திரையில் நம் படகு ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் அவன் காபி குடிப்பான். புள்ளி நின்றால் காபி ஆறிப்போகும், அவன் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவான். "வலை இழுக்கறேன்யா, உயிரை வாங்காதே" என்று எத்தனை பேர் அவனை ஏசியிருக்கிறீர்கள்! ஏசினவர்கள் எல்லோரும் இதோ உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காகத்தானே அவன் கூப்பிட்டான்!

பெரியோர்களே! அந்தப் பச்சைப் புள்ளிப் பெட்டிக்குள் ஒரு காவலாளி இருந்தான். சங்சுங் என்ற ஆன்டிவைரஸ். ஊர் எல்லையில் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு நிற்குமே, முகம் செதுக்கிய மரக் காவல் கம்பம், அதன் பெயர்தான், அதன் படம்தான். திரையின் மூலையில் இரண்டு முட்டைக்கண் எப்போதும் முழித்துக்கொண்டே இருக்கும். இந்த நாட்டில் வரி கட்டப் போனாலும், பாங்கில் கணக்குப் பார்க்கப் போனாலும், 'முதலில் இந்தக் காவலாளியை உள்ளே விடு' என்று கேட்கும். நாம் என்ன கேட்கிறது என்று படிக்கிறோமா? ஆம், ஆம், ஆம் என்று அழுத்திவிட்டுப் போகிறோம். அரசு அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம்.

போன இளவேனிலில் ஒருநாள் காலையில் இன்சோல் ஏலக் கூடத்துக்கு ஓடி வந்தான். முகம் ஐஸில் வைத்த கணவாய் மாதிரி வெளுத்திருந்தது.

"அண்ணே, பெட்டி ஒண்ணு தானா செத்துடுச்சு. நான் எதையும் திறக்கல. ஒரு மெயில் வந்துச்சு, அவ்ளோதான். சங்சுங் அதைத் திறந்து பாத்தான், அவனே விழுந்துட்டான்."

"காவலாளி விழுந்தா வேற காவலாளி வை. எனக்கு ஏலம் இருக்கு, போடா."

"கேளுங்கண்ணே. ஏலத்துக்கு வர்ற பெட்டி எல்லாத்துலயும் நீங்க மூக்கை வெச்சு மோந்து பாக்கறீங்கல்ல, கெட்டது உள்ள போகக் கூடாதுன்னு? ஒருத்தன் உங்க மூக்குக்குன்னே ஒரு பெட்டி கட்டி அனுப்பினா என்ன ஆகும்? வேற யாரும் தொடவே வேண்டாம். மோந்த நீங்கதான் விழுவீங்க. உங்க இடுப்புலதானே எல்லாக் குளிர் அறைச் சாவியும் தொங்குது?"

"என் மூக்கை ஏண்டா இழுக்கறே?"

"நம்ம துறையில பெரிய மூக்கு அதானேண்ணே."

கவலைப் பொட்டலமும் கிண்டல் பண்ணும், பார்த்துக்கொள்ளுங்கள்! அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. திருடனைத் தடுக்க வைத்த ஆள். வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத சாவியெல்லாம் அவனிடம். எதைக் கொடுத்தாலும் முதலில் திறந்து பார்க்கிறவனும் அவன்தான். அவனே ஓட்டை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்சோல் சொன்னான். சங்சுங்கைச் செய்த கம்பெனிக்கு எழுதினான். 'தங்கள் அக்கறைக்கு நன்றி, பரிசீலிக்கிறோம், தயவுசெய்து வெளியே பேச வேண்டாம்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான். மறுபடியும் நன்றி. அவர்கள் அனுப்பிய மலர்வளையம் வாசலில் நிற்கிறது பாருங்கள், இருக்கிறதிலேயே பெரியது அதுதான். ரிப்பனில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதிலும் நன்றிதான்! ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. இன்று வரை இல்லை.

பிறகு நம் தலைவர் பான் அவர்களிடம் போனான். தலைவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அறை ஜன்னல் ஏலக் கூடத்துப் பக்கம் திறந்திருந்தது. இவன் சொல்கிறான்: "தலைவரே, படகு பாக்கற பெட்டியில மட்டும் சங்சுங்கை எடுத்துடலாம். எடுத்துட்டு சும்மா விடக் கூடாது, காவலில்லாத வீடாயிடும். மெயிலையும் அங்கேருந்து வெட்டிடணும். அந்தப் பெட்டி படகை மட்டும் பாக்கட்டும். மெயிலுக்கு வேற பெட்டி வெச்சுக்கலாம்."

தலைவர் சொல்கிறார்: "நீ சொல்றது சரிதான்யா. ஆனா தலைமை அலுவலகத்து மெயில் அந்தப் பெட்டிக்குத்தான் வரணும்னு விதி. மாசாமாசம் சோதனைப் புதன் வேற வருது. சங்சுங் இல்லேன்னா நூறு வராது. நூறு வரலேன்னா என் பேரு மேல போகும்."

"பேரு மேல போனா பரவால்ல தலைவரே, படகு கீழ போகக் கூடாது."

சோதனைப் புதன் என்றால் என்ன என்று படகுக்காரர்களுக்குத் தெரியாது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மாதம் ஒருநாள் பரீட்சை. ஆன்டிவைரஸ் இருக்கிறதா, ஓடுகிறதா, அதுவே மதிப்பெண் போடும். நூறு வர வேண்டும். தொண்ணூற்றைந்து வந்தால் ஊரே தீப்பிடித்த மாதிரி போன் வரும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு வழிக்கு வந்தார்கள். மாதம் முழுக்கச் சங்சுங்கை எடுத்துவிடுவது, மெயிலையும் நிறுத்திவிடுவது. சோதனைப் புதன் வந்தால் மட்டும் இரண்டையும் போட்டு, நூறு வாங்கி, நூறைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, திரும்பவும் எடுத்துவிடுவது. அதிகாரி வருகிற நாளில் மட்டும் காவலாளியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துகிற மாதிரி!

"இதுக்குப் பேரு பாதுகாப்பு நாளுண்ணே" என்றான் என்னிடம். "மாசத்துல அந்த ஒரு நாள்தான் நமக்குப் பாதுகாப்பே இல்ல."

ஒவ்வொரு சோதனைப் புதனும் அவனுக்குச் சோறு இறங்காது. வாசலுக்கு வருவான், வானத்தைப் பார்ப்பான், உள்ளே ஓடுவான்.

அந்தப் புதன்கிழமை. உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தாலும் சொல்லியாக வேண்டும். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, எல்லோரும் கடலுக்குப் போனீர்கள். மத்தியானத்துக்குமேல் காற்று கிழக்கே திரும்பியது. நிலையத்தில் பெட்டி நூறு வாங்கிவிட்டது. இன்சோல் சங்சுங்கை எடுக்கக் கையை வைக்கிறான். அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு உத்தரவு. இந்த முறை எல்லா ஊழியரும் திரையைச் சுற்றி நின்று, விரலை இதயம் மாதிரி மடக்கிக்கொண்டு, நூறு தெரிகிறபடி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஒருத்தர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வருகிறவரை பெட்டி அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில் மெயில் வந்தது.

யார் அனுப்பியது? தெரியாது. வேண்டுமென்றா, விளையாட்டாகவா? தெரியாது. விசாரிக்கிறார்கள், விசாரிக்கட்டும். இந்தத் துறைக்கு யார் பகையாளி? கணவாயும் நண்டும்தான் நமக்குப் பகையாளி, அவற்றுக்கு மெயில் அனுப்பத் தெரியாது. யாரும் எதையும் தொடவில்லை. எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார்கள். சங்சுங் மெயிலைத் திறந்து பார்த்தான். மூலையில் முட்டைக்கண் மங்கியது. பச்சைப் புள்ளி அத்தனையும் போய்விட்டது. கடல் மட்டும் திரையில் நீலமாக நின்று, பிறகு அதுவும் கறுத்தது.

இன்சோல் வயர்லெஸ்ஸை எடுத்தான். ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எங்கே இருக்கிறாய், எந்தப் பக்கம் வருகிறாய், யாருக்குப் பின்னால் வருகிறாய். ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொன்னீர்கள். கல்மேகி மட்டும் சொல்லவில்லை.

குவாக் தேபொங் அண்ணே, எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் கல்மேகியின் வயர்லெஸ் ஏரியலை அலை முறித்துவிட்டது, குரல் போகவில்லை; புள்ளி அனுப்புகிற கருவி மட்டும் நன்றாகத்தான் இருந்தது. திரை உயிரோடு இருந்திருந்தால் உங்கள் புள்ளி பாறைக்கு வடக்கே ஊர்ந்து வருவது தெரிந்திருக்கும். திரை இல்லை. மற்ற படகெல்லாம் துறை வாயிலை நோக்கித் திரும்பிவிட்டன. ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால்?

கைக்கு அடங்குகிற வயர்லெஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் அலைத்தடுப்புச் சுவரின் முனைக்கு ஓடினான். "டேய், பேரலை அடிக்குதுடா, வாடா" என்று நான் கத்தினேன். இந்தத் தொண்டையால் கத்தினேன். "பெட்டிக்குக் கண்ணு போச்சுண்ணே, எனக்குப் போகல" என்றான். ஓடிக்கொண்டே சொன்னான், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் எல்லாப் படகிலும் அவன் குரல் கேட்டது. "தெரியுது, தெரியுது! கல்மேகி வருது! சிவப்பு விளக்குக்கு வடக்க வருது, எல்லாரும் தெற்க ஒதுங்கி நில்லுங்க, அவரை விடுங்க!" நீங்கள் ஒதுங்கினீர்கள். கல்மேகி உள்ளே வந்தது.

அவன் வரவில்லை.

பெரியோர்களே! நான் இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன் என்றால் தைரியத்தால் அல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் பயம்? செத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். போன மாதம் பரீட்சை எழுதப் பெட்டியே இல்லை. செத்த பெட்டிக்கு மதிப்பெண் கிடையாதாம், அந்த மட்டில் நியாயம் இருக்கிறது. போன வாரம் புதுப்பெட்டி வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிறது. பச்சைப் புள்ளியெல்லாம் திரும்ப வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூலையைப் பார்த்தேன். இரண்டு முட்டைக்கண்!

தலைமை அலுவலகத்திலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மெயிலும் அதில்தான் வருகிறது. முன்பெல்லாம் அதை எடுத்துப்போட ஒருவன் இருந்தான், இன்று யார் இருக்கிறார்கள்? அடுத்த வாரம் சோதனைப் புதன். அதற்கு முன்னால் நாளை இருக்கிறது. நாளைக்கு முன்னால் இதோ, இந்த நிமிஷம் இருக்கிறது. நண்டுப் படகுகள் இப்போது எங்கே நிற்கின்றன? வெளிக்கடலில் நிற்கின்றன! இங்கே நாம் ஊதுபத்தி வைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே ஒரு மெயில் கிளம்பியிருந்தால்?

தலைவர் பான் அவர்களே. இத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்பது மரியாதை அல்ல, தெரியும். நீங்கள் கெட்ட மனிதர் அல்ல, அதுவும் தெரியும். அன்று சுவர்மேல் நீங்களும்தான் ஓடினீர்கள், உங்களை இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தோம். அதனால் கேட்கிறேன். அந்தப் பெட்டியிலிருந்து மெயிலை வெட்டுவீர்களா? சங்சுங்கை எடுப்பீர்களா? சோதனைப் புதனன்றும் போடாமல் இருப்பீர்களா?

என்ன? கேட்கவில்லை. மைக் பக்கம் வாங்க தலைவரே. வெட்கப்படாதீங்க, இது ஏலம் இல்லை, விலை கேட்கமாட்டேன்.

"நான்... எழுதிக் கேட்டிருக்கேன் தல்சு. அனுமதி வரணும்."

அனுமதி வருகிறவரை?

"விதி இருக்குய்யா."

"தலைவரே." யார் அது? சோன்யங்கா? நீ உட்காரும்மா. இல்லை, சொல்லு. சொல்லிவிடு.

"அவர் எழுதிக் கேட்டார் தலைவரே. அவருக்கும் பதில் வந்துச்சு, நன்றின்னு. நீங்க எழுதினதுக்கும் அதேதான் வரும். நான் வீட்டுல அந்த நன்றியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

யாரும் அவரைத் திட்டாதீர்கள், அவர் யோசிக்கட்டும்.

"எடுத்துடறேன். மெயிலையும் வெட்டிடறேன். புதன்கிழமை என்ன மதிப்பெண் வருதோ, அதை என் பேரு போட்டே அனுப்பறேன்."

கை தட்டாதீர்கள்! இது இரங்கல் கூட்டம்.

நன்றி தலைவரே. இந்த நன்றி கம்பெனி நன்றி அல்ல, இது மீன்வாடை அடிக்கிற நன்றி.

ஆனால் நம் பெட்டி ஒன்று சரியானால் போதுமா? வடக்கே எத்தனை துறை, தெற்கே எத்தனை துறை! எல்லா நிலையத்திலும் அதே முட்டைக்கண்தானே முழித்துக்கொண்டிருக்கிறது! இதை நான் அவனிடமே கேட்டேன். தானியங்கியில் மிக்ஸ் காபி வாங்கிக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். "எல்லாத் துறைக்கும் சொல்லித் தொலையேன்டா" என்றேன். பேப்பர் கப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தான்.

"அதுதாண்ணே என்னைத் தூங்கவிட மாட்டேங்குது. ஓட்டை எங்கன்னு சொன்னா திருடனுக்கும் தெரிஞ்சுபோகும். சொல்லலேன்னா படகுக்காரனுக்குத் தெரியாமலே போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி."

"அப்போ என்னதான் பண்றது?"

"எப்படின்னு சொல்லக் கூடாது. படகு பாக்கற பெட்டியை மெயில்லேருந்து பிரின்னு மட்டும் சொல்லணும். நான் பேசினா தப்பிச்சுக்க முடியாதுண்ணே, ஏன், எப்படின்னு அவங்க கேட்பாங்க, எனக்கு வாயில வந்துடும். கம்பெனி ஓட்டையை அடைக்கறதுக்குள்ள அது பரவிடும். நீங்க பேசுங்க. உங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

"டேய்!"

"புகழ்ந்துதாண்ணே சொன்னேன்."

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தச் சோதனைப் புதன் வந்துவிட்டது.

ஆகவே, பியோ இன்சோல் அவர்களே! பொறியாளரே! தம்பி! கிளம்புகிற அவசரத்தில் இதைக் கேட்டுவிட்டுப் போ. நாளை ஏலம் முடிந்ததும் வடக்கே உள்ள முதல் துறைக்கு நான் போன் போடுகிறேன். அது முடிந்தால் அடுத்தது. "என்ன ஓட்டை?" என்று கேட்பார்கள். தெரியாது என்பேன், சத்தியமாகத் தெரியாது. "பின்னே எதுக்குய்யா கத்தறே?" என்பார்கள். படகு பார்க்கிற பெட்டிக்கு மெயில் வரக் கூடாது, பிரி என்பேன். "யாரு சொன்னது?" என்பார்கள். கல்மேகியை உள்ளே கொண்டுவந்தவன் சொன்னான் என்பேன். அவர்கள் பிரித்தோம் என்று சொல்கிறவரை போனை வைக்கமாட்டேன். என் தொண்டை கட்டிப்போனால் குவாக் அண்ணன் பேசுவார். அவர் அலுத்தால் இந்த அக்காமார் இருக்கிறார்கள். இவர்களிடம் வாய் கொடுத்து ஜெயித்த துறை இந்தக் கரையில் எதுவும் இல்லை. கம்பெனிக்கும் வாராவாரம் எழுதுவோம். எழுத்து எனக்குச் சரியாக வராது. அவர்கள் கஷ்டப்பட்டுப் படிக்கட்டும்.

திரை ஒருநாள் மறுபடி கறுத்தாலும், நம் நிலையத்து வயர்லெஸ் முன்னால் ஒரு ஆள் எப்போதும் இருப்பான், ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிட்டால் ஏசாமல் பதில் சொல்லுங்கள். இது நீங்கள் அவனுக்குக் கொடுக்கும் வாக்கு. கை தூக்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ஆட்டிவிட்டீர்கள், பார்த்துவிட்டேன்.

சூப்பு கொதிக்கிறது, வாசனை வருகிறது, தெரியும். கொஞ்சம் பொறுங்கள். வயிறு காத்திருக்கும், மெயில் காத்திருக்காது. நண்டுப் படகுகள் வெளியே இருக்கின்றன. தலைவரே, நிலையத்துச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? எழுந்திருங்கள். நீங்கள் முன்னால் நடங்கள், நாங்கள் எல்லோரும் பின்னால் வருகிறோம்.